அறுபது விநாடிக்குள் உடுப்பு

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெட்டியில் இரண்டு யூனிஃபார்ம்கள் இருந்தன. ஒன்று முழு உடுப்பு, மேலும் கீழும் ஒன்றாகத் தைத்தது. கழுத்திலிருந்து தொடை வரை ஒரே ஜிப். மற்றது சட்டையும் பேண்ட்டும். கூடவே ஒரு கடிதம். இரண்டில் ஒன்றைச் சனிக்கிழமைக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும், மணி அடித்த அறுபது விநாடிக்குள் உடுத்தி நிற்க வேண்டும். முடியாதவர்கள் ரேடியோ மேசைக்கு மாற்றப்படுவார்கள்.

கடிதத்தை டீச்சர் படித்தார். பகலில் பள்ளியில் கணக்கு டீச்சர். மற்ற நேரத்தில் தன்னார்வத் துணைத் தீயணைப்புப் படையின் தலைவி. படையில் அவரைத் தவிரப் பத்துப் பேர். அதில் ஒன்பது பேர் மெல்லத் திரும்பி மூலையைப் பார்த்தார்கள். அங்கே ரேடியோ மேசையில் மருந்துக்கடைக்காரர் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முட்டி வலி, இரண்டு நாள் உட்கார்ந்துகொள்கிறேன் என்று போனவர். ஆறு வருடம் ஆகிறது.

சலூன்காரர் கடிதத்தை வாங்கி, அறுபது விநாடி என்ற வரியை இன்னொரு முறை படித்தார்.

பதினெட்டு வருடமாகக் குழாய் முனையைப் பிடிப்பவர் அவர்தான். வண்டி நின்றதும் முதலில் குதிப்பதும் அவர்தான். ஆனால் நாலு மாதமாக இடது தோள் இறுகிப்போயிருந்தது. கை மார்புக்கு மேலே எழவில்லை, பின்னாலும் போகவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. குழாயை இடுப்பில் அணைத்துப் பிடிப்பதால் அங்கே சமாளித்தார். சலூனில் நாற்காலியைக் கடைசி வரை இறக்கி வைத்தார். அதுவும் போதாதபோது ஆளைச் சரிந்து உட்காரச் சொன்னார். நெட்டையானவர்கள் முழங்காலில் தாடை முட்ட உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டு போனார்கள்.

சட்டை பேண்ட் என்றால் பயமில்லை. அரைக்கைச் சட்டை, தொளதொளப்பு. ஒரு குலுக்கு குலுக்கினால் தானாக வந்து விழும். முழு உடுப்புக்கு நீளக்கை, தடித்த துணி. அதில் எப்படி என்று பார்த்துவிட வேண்டும்.

"தையல் எப்படி இருக்குன்னு பாத்துட்டுத் தர்றேன்" என்று சொல்லி மாதிரியைச் சலூனுக்கு எடுத்துப் போனார்.

மதியம் ஆள் இல்லாத நேரம். கதவைச் சாத்திக்கொண்டு காலை விட்டார். சரியாக வந்தது. எதையும் வலது கையால் தொடங்குகிற பழக்கம். வலது கையை விட்டார். அதுவும் வந்தது. இடது கைக்கான துணி முதுகுக்குப் பின்னால் தொங்கியது. கை அங்கே போகவில்லை. உடம்பைத் திருப்பினார். துணியும் கூடவே திரும்பியது. நாய் தன் வாலைத் துரத்துகிற மாதிரி நாற்காலியை மூன்று சுற்றுச் சுற்றினார். போட முடியவில்லை. கழற்றலாம் என்றால் அதுவும் முடியவில்லை. வலது கையை உருவ இடது கை உதவ வேண்டும்.

கதவு திறந்தது. பிளம்பர். மனைவியின் தம்பி. முழு உடுப்பு வேண்டும் என்று ஊரைக் கூட்டுகிறவன் அவன்தான்.

"என்ன மாமா, ஒரு கைதான் மாட்டியிருக்கீங்க?"

"ஒப்பிட்டுப் பாக்குறேன் மாப்ளே. துணி போட்ட கை எப்படி இருக்கு, போடாத கை எப்படி இருக்குன்னு."

"எப்படி இருக்கு?"

"போடாததுதான் நல்லா இருக்கு."

பிளம்பர் பேண்ட்டை இடுப்பில் ஏற்றிவிட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். சலூன்காரர் அதே கோலத்தில் அவனுக்கு முடி வெட்டினார். பாதி உடுப்பு வால் மாதிரி பின்னால் ஆடியது. எழுந்ததும் பிளம்பர் மறுபடியும் பேண்ட்டை ஏற்றிவிட்டுக்கொண்டான்.

"முழு உடுப்புதான் மாமா பாதுகாப்பு. நல்லா யோசிங்க."

"போறப்ப இந்தக் கையைப் பிடிச்சு இழு. வேர்க்குது."

அவன் இழுத்தான். சலூன்காரர் விடுதலையானார்.

அன்று மாலையே வேலையில் இறங்கினார். படையில் எட்டுப் பேர் தலை அவர் கையில். கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்தவன் எழுந்து போக முடியாது. பேக்கரிக்காரரை முதலில் பிடித்தார்.

"அண்ணே, உங்களுக்குச் சர்க்கரை. அரை மணிக்கு ஒரு தடவை போறீங்க."

"ஆமா, என்ன செய்யறது?"

"முழு உடுப்புல ஒவ்வொரு தடவையும் கழுத்துலேர்ந்து உரிக்கணும்ணே."

கண்ணாடியில் பேக்கரிக்காரரின் கண்கள் விரிந்தன. "அதுக்குள்ள..."

"அதேதான்ணே."

தபால்காரனிடம் காரணம்கூடச் சொல்லவில்லை. தொண்டையில் சவரக்கத்தியை வைத்துக்கொண்டு, "சட்டை பேண்ட்தானே தம்பி?" என்றார்.

"சட்டை பேண்ட்தாண்ணே" என்றான் தபால்காரன், உதட்டை அசைக்காமல்.

வெள்ளிக்கிழமைக்குள் தன் தலையோடு சேர்த்து ஆறு தலை சேர்ந்துவிட்டது. சலூன்காரர் நிம்மதியாகத் தூங்கினார், வலது பக்கமாகப் படுத்து.

படையில் எதையும் ஹெல்மெட் வைத்துத்தான் முடிவு செய்வார்கள். முன்பு கைதூக்கும் வழக்கம் இருந்தது. ஒருமுறை பேக்கரிக்காரர் கொசு அடிக்கக் கை தூக்கினார்; ஒரு ஓட்டு வித்தியாசத்தில் தண்ணீர் வண்டிக்கு மஞ்சள் அடிப்பது என்று முடிவாகிவிட்டது. வண்டி இன்னும் மஞ்சளாகத்தான் ஓடுகிறது. அதன்பிறகு இரண்டு பெஞ்சுகள். பிடித்த பெஞ்சில் அவரவர் ஹெல்மெட்டை வைக்க வேண்டும். டீச்சர் கடைசியில், தேவைப்பட்டால் மட்டும் வைப்பார்.

சனிக்கிழமை எல்லோரும் பேசினார்கள். முழு உடுப்புக்காரர்கள் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார்கள். சட்டை பேண்ட்காரர்களும் பாதுகாப்பைப் பற்றித்தான் பேசினார்கள். அந்தச் சொல் இருபத்திரண்டு முறை வந்ததாக மருந்துக்கடைக்காரர் கோடு போட்டு வைத்திருந்தார்.

பிறகு ஹெல்மெட் வைத்தார்கள். ஐந்து, ஐந்து.

சலூன்காரர் எதிர் பெஞ்சைப் பார்த்தார். தபால்காரனின் ஹெல்மெட் அங்கே இருந்தது.

"ஏன்டா தம்பி?"

"அது கத்தி கழுத்துல இருந்தப்ப சொன்னதுண்ணே."

டீச்சர் தன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"என் முடிவைச் சொல்றதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் உண்மைக் காரணத்தைச் சொல்லுங்க. பாதுகாப்புங்கற வார்த்தை வரக் கூடாது. வெறும் விடைக்கு நான் மார்க் போடறதில்ல. வழி எழுதணும்."

பேக்கரிக்காரர், "நான் ஒரு நிமிஷம் போயிட்டு வந்துடறேன்" என்று எழுந்து வெளியே போனார். அவர் காரணம் எல்லோருக்கும் புரிந்தது.

பிளம்பர் எழுந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"போன மாசம் டீச்சர் பள்ளிக்கூடத்துல பயிற்சி காட்டினோம். நான் குனிஞ்சு குழாயை மாட்டினேன். பேண்ட் இறங்கிடுச்சு. நூத்தியெண்பது பிள்ளைங்க."

யாரோ இருமினார்கள்.

"இப்ப எந்த வீட்டுக்கு ரிப்பேருக்குப் போனாலும் பிள்ளைங்க எனக்கு முன்னாடியே வந்து நிக்குதுங்க. நான் எப்ப குனிவேன்னு பாக்குதுங்க. பெல்ட் போட்டேன். வயிறு அதையும் கீழ தள்ளுது. முழு உடுப்புன்னா இறங்க வழியில்ல. அவ்ளோதான் டீச்சர்."

முதலில் தபால்காரன் சிரித்தான். பிறகு அறையே சிரித்தது. மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிளம்பர் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்தபடி நின்றான். காது சிவந்திருந்தது.

சலூன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்தது அவர் முறை.

"நீங்க சொல்லுங்க" என்றார் டீச்சர்.

வாயைத் திறந்தார். ரேடியோ மேசை கண்ணில் பட்டது. மருந்துக்கடைக்காரர் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டார். அது தற்செயலாக இருக்கலாம். இன்னொரு நாற்காலிக்கு இடம் விட்ட மாதிரி இருந்தது.

வாயை மூடினார். எழுந்து போய், வலது கையால் தன் ஹெல்மெட்டை எடுத்து, பிளம்பரின் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எனக்குக் காரணம் ஒண்ணும் இல்ல டீச்சர்."

"ஆறு, நாலு" என்றார் டீச்சர். "முழு உடுப்பு. அடுத்த சனிக்கிழமை நேரம் பாப்போம்."

"மாமா!" என்றான் பிளம்பர். கண் கலங்கியிருந்தது. அவரை அப்படியே கட்டிக்கொண்டான், இடது தோளோடு சேர்த்து. சலூன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளைக்காகச் செய்தாரா, வாயைத் திறக்காமல் தப்பிக்கச் செய்தாரா என்று வீடு போய்ச் சேரும்வரை அவருக்கே விளங்கவில்லை.

வீட்டில் மனைவி தம்பியிடம் போனில் பேசி முடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிடுவது அவள் வேலை.

"எந்தம்பிக்காக விட்டுக்கொடுத்தீங்களாமே. அழுகுறான்."

"ம்."

"எப்படிப் போடப் போறீங்க?"

"எதை?"

"அந்த உடுப்பைத்தான். தோளை வச்சுக்கிட்டு."

சலூன்காரர் அசையாமல் நின்றார். "எந்தத் தோள்?"

"நாலு மாசமா தலை சீவுறப்ப கையைத் தலைக்குக் கொண்டு போறதில்ல. தலையைக் கைக்குக் கொண்டு போறீங்க. குனிஞ்சு பீரோவை முட்டுறீங்க. எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"ஏன் கேக்கல?"

"நீங்களா எப்ப சொல்லுவீங்கன்னு பாத்தேன். இப்படியே கிழவராயிடுவீங்க போல."

அவர் உட்கார்ந்தார். ரேடியோ மேசையைப் பற்றிச் சொன்னார். அறுபது விநாடியைப் பற்றிச் சொன்னார். வலது கையை விட்டதும் துணி பின்னால் போனதைச் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வலிக்கிற கையை யாராவது கடைசியில விடுவாங்களா? தினம் இருபது பேருக்கு மாட்டுறேன். என்னை ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க? திங்கக்கிழமை என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றீங்க. அந்தத் தோளைக் காட்டுறீங்க. சரின்னா சொல்லித் தர்றேன்."

"சரி."

அலமாரியிலிருந்து மழைக்கோட்டை எடுத்தாள். "கையைத் தொங்கவிடுங்க. தூக்காதீங்க. துணியைக் கைக்குக் கொண்டு வாங்க. தோள் வரை ஏத்துங்க. இப்ப நல்ல கை தானா பின்னாடி போய் நுழையும். பாத்தீங்களா?"

பார்த்தார். கோட்டு உடம்பில் இருந்தது. வலிக்கவே இல்லை.

"போடுறப்ப வலிக்கிற கை முதல்ல. கழட்டுறப்ப..."

"போதும், போதும். கழட்டுறதுக்கு யாரு நேரம் பாக்கப் போறா?" மழைக்கோட்டோடு கண்ணாடி முன்னால் போய் நின்றார். அவள் பேச்சை நிறுத்திவிட்டு, கோட்டை அவர் மேலிருந்து உருவிக்கொண்டு போனாள். எப்படி உருவினாள் என்று அவர் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை தோளைக் காட்டினார். சுவரில் விரலால் தினமும் ஏறிப் பழகச் சொன்னார்கள். சலூன் கண்ணாடியிலேயே ஏறினார். விரல் தடம் ஒவ்வொரு நாளும் ஒரு அரிசி அளவு உயர்ந்தது.

சனிக்கிழமை மணி அடித்தது. ரேடியோ மேசை போக ஒன்பது பேரும் பெஞ்சு மேலிருந்த உடுப்பைப் பாய்ந்து எடுத்தார்கள். தபால்காரன் இரண்டு காலையும் ஒரே கால்குழாயில் விட்டு விழுந்தான். பேக்கரிக்காரருக்கு ஜிப் தொப்புளோடு நின்றுவிட்டது. சலூன்காரர் காலை விட்டார். இடது கையைத் தொங்கவிட்டார். துணியைக் கைக்குக் கொண்டு வந்தார். வலது கை தானாகப் பின்னால் போய் நுழைந்தது. ஜிப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நாப்பத்தொம்பது" என்றார் டீச்சர். பிளம்பர் அறுபதில் முடித்துவிட்டு, ஆசை தீர மூன்று முறை குனிந்து நிமிர்ந்தான். எதுவும் இறங்கவில்லை. மருந்துக்கடைக்காரருக்கு நேரம் பார்க்கவில்லை. பேக்கரிக்காரருக்கும் தபால்காரனுக்கும் அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்பு.

"சரி, கழட்டி மடிச்சு வைங்க."

சலூன்காரர் ஜிப்பை இறக்கினார். இடது கைதான் முதலில் என்று மனப்பாடம். அதை உருவப் பார்த்தார். தோள் சுளீர் என்றது. பக்கவாட்டில் நெளிந்தார். முன்னால் குனிந்தார். மற்றவர்கள் மடித்து அடுக்கிவிட்டார்கள். அவர் மெதுவாக ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றினார்.

"நீங்க?" என்றார் டீச்சர்.

"கொஞ்சம் பழகலாம்னு பாக்குறேன் டீச்சர்."

"எவ்வளவு நேரம்?"

"சாயங்காலம் வரைக்கும்."

டீச்சர் அவர் இடது தோளைப் பார்த்தார். கடிதத்தை எடுத்து இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார்.

"கழட்டுறதுக்கு நேரம் எதுவும் போடல" என்றார். "போயிட்டு வாங்க."

உச்சி வெயிலில், கழுத்து வரை ஜிப் போட்ட தீயணைப்பு உடுப்பில், சலூன்காரர் கடைவீதி வழியாக வீட்டுக்கு நடந்தார். எதிரே வந்தவர்கள் எல்லோரும் புகை எங்கே என்று அண்ணாந்து பார்த்தார்கள். காய்கறிக் கடைக்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தார்.

மனைவி கதவைத் திறந்தாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"எத்தனை விநாடி?"

"நாப்பத்தொம்பது."

"அப்புறம்?"

அவர் உள்ளே வந்து, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தியே. கழட்டுறப்பன்னு. அதைச் சொல்லு."