இடது என்றால் கை

எங்கள் தெருவில் யார் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அது என் குற்றமில்லை. என் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம் பார்த்தபடி இருக்கிறது. வீட்டைக் கட்டியவரைக் கேளுங்கள்.

அப்படித்தான் ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு, எதிர்வீட்டு மொட்டைமாடியில் வட்டம் கையை வானத்துக்கு நீட்டிக்கொண்டு சிலை மாதிரி நிற்பதைப் பார்த்தேன்.

வட்டம் என்பது அவளுக்குத் தெரு வைத்த பெயர். தெரு என்றால் நான்தான். ரத்தப் பரிசோதனைக்கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது அவள் வேலை. ஊசி குத்துவதில் கெட்டிக்காரி, குத்தியதே தெரியாது. ஆனால் ஒரே தெருவை மூன்று முறை சுற்றினால்தான் அவளுக்கு வீடு அகப்படும். அதற்குள் வெறும் வயிற்றோடு காத்திருக்கும் நோயாளி, பசி தாங்காமல் காபியைக் குடித்துவிடுவார். பிறகு ரத்தம் எடுத்து என்ன, எடுக்காவிட்டால் என்ன?

"என்னம்மா, ஆகாசத்துலேருந்து ஏதாவது விழுதா?" என்று கீழேயிருந்தே கேட்டேன்.

"சாட்டிலைட்டுக்கா! நாலு கிடைச்சாத்தான் இடம் காட்டும். இப்பதான் மூணு வந்திருக்கு."

இதற்குமேல் கீழே நிற்க என்னால் முடியுமா? மாடிப்படி ஏறினேன்.

உள்ளங்கை அளவு டைரிப்பெட்டி ஒன்றை லேபில் எல்லோருக்கும் கொடுத்திருந்தார்கள். எந்த வீடு, எத்தனை மணி, எந்தச் சோதனை என்று அதில் குச்சியால் தட்டிப் பார்க்கலாம். இவள் அதன் முதுகில் மாட்டுகிற ஜிபிஎஸ் ஒன்றைச் சொந்தக் காசில் பழசாக வாங்கியிருந்தாள். தாயின் முதுகில் குட்டி தொற்றிக்கொண்ட மாதிரி இருந்தது. மேலே ஒரு சின்ன மூடி, அதைத் திறந்தால் அதுதான் சாட்டிலைட்டைப் பிடிக்கிற ஏரியல்.

"லேட் ஆச்சுன்னு இன்னும் ஒரு தடவை புகார் வந்தா, என்னை ஸ்டிக்கர் ரூமுக்கு மாத்திடுவாங்கக்கா. பெரிய டாக்டர் சொல்லிட்டாரு."

நாள் முழுக்கக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டுகிற அறை அது. ஜன்னல்கூடக் கிடையாது. ஜன்னல் இல்லாத அறையில் ஒரு மனுஷி எதைத்தான் பார்ப்பாள்?

"பழகிப் பாக்க முதல்ல உங்க வீட்டைத்தான் குறிச்சிருக்கேன்," என்றாள்.

"என்ன பேரு போட்ட?"

"எதிர்வீடுன்னுதான்," என்றாள், கொஞ்சம் வேகமாக.

அவள் கணவர் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே ரூட். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்பார். நல்லவேளை, இதுவரை யாரும் கட்டிவிடவில்லை. அந்தப் பெட்டியைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு என் வீடு வரை கேட்டது.

"வழி மனசுல இருக்கணும்மா. முதுகுல மாட்டிக்கிட்டா வந்துடுமா?"

அவர் சிரித்ததிலும் நியாயம் இருந்தது. அவளுக்கு ஒதுக்கியிருந்தது ஏரிக்கு அந்தப்பக்கம் முளைத்த புதுக் குடியிருப்பு. அங்கே கட்டி முடித்த வரிசையில் கதவு எண் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டுக்குப் பக்கத்தில் எண்பத்தேழு. பெட்டியிலிருந்த வரைபடமோ அந்த இடத்தை வெள்ளையாக விட்டிருந்தது. பல் விழுந்த வாய் மாதிரி.

வட்டம் அசரவில்லை. போகிற வீட்டு கேட்டிலெல்லாம் நின்று பொத்தானை அழுத்தினாள். ஒரு புள்ளி விழும். அதற்கு ஒரு பெயர், கீழே ஒரு குறிப்பு. பெட்டிக்குத் தமிழ் எழுத்து வராது. தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டினாள். 'பச்சை கேட்.' 'நாய், கட்டச் சொல்லு.' 'ஊசின்னா மயக்கம், படுக்க வை.' தெருமுனை ஒவ்வொன்றிலும் புள்ளி வைத்தாள். மூன்று வாரத்தில் நூற்று நாற்பது. வெள்ளையாகக் கிடந்த இடம் எள் தூவின மாதிரி ஆகிவிட்டது.

நான்காவது வாரம், ஒரே காலையில் ஒன்பது வீடு. எட்டரைக்குள் குழாய்கள் லேபில் இருக்க வேண்டும். அன்று பார்த்து ஸ்கூட்டர் பஞ்சர். பஸ்காரருக்கு அன்று விடுமுறை. தன் பழைய காரை எடுத்தார். எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது. இல்லாவிட்டாலும் இருந்திருக்கும். பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

எட்டு வீடு மளமளவென்று முடிந்தது. ஒன்பதாவது வீட்டை நெருங்கும்போது வட்டம் ஊசி, பஞ்சு, குழாய் எல்லாவற்றையும் மடியில் எடுத்து வைத்தபடி பெட்டியைப் பார்த்து, "இடது," என்றாள்.

கார் இடதுபக்கம் திரும்பியது. முன்னால் பாதி கட்டிய சுவர், ஒரு மணல் குவியல். சக்கரம் மணலில் புதைந்துதான் நின்றது.

"எங்கங்க திருப்புனீங்க?"

"நீதானே இடதுன்னு சொன்ன?"

"நான் கையைச் சொன்னேங்க! அந்தம்மாவுக்கு வலது கையில நரம்பே கிடைக்காது. இடது கையில எடுக்கணும்னு எழுதி வெச்சிருக்கேன்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. காரைத் தள்ள என்னை இறக்கிவிட்டதும் போய்விட்டது.

கார் மணலிலிருந்து வெளியே வந்ததும் பஸ்காரருக்கு ரோஷம். "பெட்டியை மூடு. எனக்குத் தெரியும்," என்றார். நேராகப் போனார், திரும்பினார், மறுபடியும் திரும்பினார். மஞ்சள் தண்ணீர்த் தொட்டி ஒன்று வந்தது. ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு மஞ்சள் தண்ணீர்த் தொட்டி வந்தது.

"தம்பி, இந்தத் தொட்டியை எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே?" என்றேன்.

அவர் காரை ஓரம் கட்டினார். மணி ஏழு ஐம்பத்தைந்து. வட்டம் மடியிலிருந்த எட்டு பேரின் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டிக்கர் அறை என் கண்ணுக்கே தெரிந்தது.

"சரி," என்றார் அவர். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த 'சரி' முதல் தடவை என்று நினைக்கிறேன். "நீ சொல்லு."

வட்டம் மூடியைத் திறந்து பெட்டியை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். நான்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ரோடுன்னா ரோடுன்னு சொல்றேன். கைன்னா கைன்னு சொல்றேன். குழப்பிக்காதீங்க. ரோடு வலது."

"ரோடு வலது," என்றார் அவர், கண்டக்டர் விசிலுக்குக் கட்டுப்பட்டவர் மாதிரி.

"அடுத்த முனையை விட்டுடுங்க. ரோடு இடது. நூறு மீட்டர். அம்பது. நிறுத்துங்க. கை இடது!"

பச்சை கேட் எங்கள் மூக்குக்கு நேராக நின்றது. அந்த அம்மா ஒரு சொட்டுக் காபிகூடக் குடிக்காமல் காத்திருந்தார்.

எட்டு இருபத்தாறுக்கு லேப் வாசலில் இருந்தோம். பெரிய டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு எங்கள் செருப்பிலிருந்த மணலைப் பார்த்தார்.

"இன்னைக்கும் சுத்துனீங்களாம்மா?"

வட்டம் வாயைத் திறக்குமுன் பஸ்காரர் முன்னால் வந்தார்.

"சுத்துனது நான் சார். அவ ஒரு தப்பும் பண்ணல. வண்டி என் கையில இருந்தது, வழி அவ கையில இருந்தது." கொஞ்சம் நிறுத்தி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "நூத்தி நாப்பது புள்ளி சார். ஒண்ணொண்ணா போட்டிருக்கா. மேப்புலயே கிடையாது."

டாக்டர் பெட்டியை வாங்கித் தட்டித் தட்டிப் பார்த்தார். எந்த வீட்டில் நாய், யாருக்கு மயக்கம், எந்தக் கையில் நரம்பு. கண்ணாடி நெற்றியிலிருந்து தானாக மூக்குக்கு இறங்கியது.

"இதை எல்லாருக்கும் குடும்மா," என்றார். "முதுகுப்பெட்டி மத்தவங்களுக்கும் வாங்கிடலாம். ஏரிக்கு இந்தப்பக்கத்தையும் நீயே குறிச்சுடு."

ரத்தம் எடுக்கிற மற்ற மூவரும் வந்து, அவள் பெட்டியோடு தங்கள் பெட்டியை நெற்றிக்கு நெற்றி காட்டி, கம்பியில்லாமலே பட்டியலை வாங்கிக்கொண்டார்கள். ஸ்டிக்கர் அறையிலிருந்த பெண்ணும் வெளியே வந்து வேடிக்கை பார்த்தாள். வட்டத்தின் முகத்தில் அப்படி ஒரு களை.

ஒரு பெட்டியை நானும் எட்டிப் பார்த்தேன். முதல் புள்ளி, என் வீடு. பெயர்: 'ரேடியோ'. குறிப்பு: 'ரெண்டு கையும் நல்லா இருக்கு. காலையிலயே ஆன்.'

வட்டம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கோபப்பட்டிருக்க வேண்டும்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், வானத்திலிருந்து நாலு சாட்டிலைட் பார்த்துப் பெயர் சொல்கிற வீடு இந்தத் தெருவில் வேறு யாருடையது?

வட்டம் என்று இனி யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது. தெரு முடிவு செய்துவிட்டது. அந்தப் பெயரைப் பஸ்காரருக்குக் கொடுத்துவிட்டேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார், ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி.