வாள் கிண்ணம்

ஃபவ்வாஸ் ஏலக்காயும் காப்பிக்கொட்டையும் விற்பவர். ஐன் துஹைர் வட்டார வர்த்தக சபைக்குத் தலைவரும் அவர்தான். சபைக்கு அதுவரை ஊரில் பெரிய மரியாதை கிடையாது. முத்திரை குத்துவார்கள், தேநீர் குடிப்பார்கள், தேர்தல் வந்தால் அடித்துக்கொள்வார்கள் என்று ஜனங்கள் நினைத்திருந்தார்கள். நினைத்ததில் தப்பும் இல்லை.

அந்த வருஷம் பள்ளத்தாக்கில் தக்காளி விளைந்து தள்ளியது. விலை மண்ணாய்ப் போனது. உம்மு நாயிஃப் என்ற விவசாயி ஒரு வண்டித் தக்காளியைக் கொண்டுவந்து சபை வாசலிலேயே கொட்டினாள். "அழுகறதை நாங்க மட்டும் ஏன் பாக்கணும்? நீங்களும் பாருங்க!" என்று கத்திவிட்டுப் போனாள். வேறு ஊராயிருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பார்கள். சபைக்காரர்களோ தக்காளியை மிதித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். சபையின் சேமிப்பையும் தங்கள் கைக்காசையும் போட்டுக் குளிர்பதனக் கிடங்கு கட்டுவது என்று தீர்மானித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். துணிக்கடைக்காரர், இரும்புக்கடைக்காரர், செருப்புக்கடை ஜிரியெஸ், இவர்களில் யாருக்குத் தக்காளியில் என்ன லாபம்? ஒன்றுமில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு நிறைகிறது.

பணம் கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை. நெடுஞ்சாலையை ஒட்டி, மின்கம்பி ஓடும் சமதரை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஹாஜி முத்லக்குடையது. தலைவர் தேர்தலில் ஃபவ்வாஸிடம் தோற்ற நாளிலிருந்து சபை இருக்கும் தெருப்பக்கமே தலைவைத்துப் படுக்காத மனிதர்! விற்கமாட்டேன், வாடகைக்கும் விடமாட்டேன் என்று இரண்டு முறை ஆள்விட்டுச் சொல்லிவிட்டார். அடுத்த அறுவடை நெருங்கிக்கொண்டிருந்தது. ஃபவ்வாஸுக்குத் தூக்கம் போயிற்று.

"முறைப்படி போவோம். பத்துப் பேராப் போய் அவர் வீட்டுக் காப்பியைத் தொடாம உக்காந்தா, எந்த ஆம்பளை மறுப்பான்?" என்றார் ஜிரியெஸ்.

வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேட்டு வந்தவர்களின் தலைவர் கிண்ணத்தை வாங்கித் தரையில் வைப்பார். கேட்டது கிடைத்தால்தான் குடிப்பார். குடித்துவிட்டால் கேட்க ஒன்றுமில்லை என்று அர்த்தம். பேசுவதாக இருந்த பெரியவருக்கு அன்றைக்கென்று காய்ச்சல் வந்துவிட, பொறுப்பு ஃபவ்வாஸ் தலையில் விழுந்தது.

முத்லக் குறை வைக்காமல் வரவேற்றார். முதல் கிண்ணம் ஃபவ்வாஸ் கைக்கு வந்தது. காப்பி வியாபாரி அல்லவா? வாசனை மூக்கில் ஏறியதும் கை தானாக வாய்க்குப் போய்விட்டது. குடித்ததோடு விட்டாரா, பாவி மனுஷன்!

"வறுவல் கொஞ்சம் தூக்கல், ஹாஜி. ஏலக்காயும் பழசு."

பக்கத்தில் ஜிரியெஸ் கண்ணை மூடிக்கொண்டார். "குடிச்சுத் தொலைச்சுட்டானே!" என்று பல்லுக்குள் முனகினார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாயிற்று.

முத்லக் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆக, கேக்க எதுவும் இல்லை. சும்மா பாத்துட்டுப் போக வந்திருக்கீங்க. ரொம்ப சந்தோஷம்."

ஃபவ்வாஸுக்குக் காது சுட்டது. வாசலில் கிடந்த தக்காளிக் குவியல் கண்முன் வந்தது. கிண்ணத்தை ஆட்டிக் கொடுத்தால், இனி ஊற்ற வேண்டாம் என்று பொருள். அவர் ஆட்டவில்லை, அப்படியே நீட்டினார். ஆட்டாத கிண்ணத்துக்கு ஊற்றாமலிருக்க எந்த வீட்டுக்காரராலும் முடியாது. இரண்டாவதையும் குடித்து மறுபடி நீட்டினார். முத்லக்கின் கை நின்றது. மகன் பேரைச் சேர்த்து ஃபவ்வாஸை அழைத்தார்.

"அபூ லைஸ், தெரிஞ்சுதான் நீட்டுறியா? முதல் கிண்ணம் விருந்துக்கு, ரெண்டாவது சுகத்துக்கு, மூணாவது வாளுக்கு. அதைக் குடிச்சா என் எதிரி உனக்கும் எதிரி."

"ஊத்துங்க, ஹாஜி."

ஊற்றினார். ஃபவ்வாஸ் ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கேட்டார்: "இப்பச் சொல்லுங்க. யார் உங்க எதிரி?"

"தெரியாத மாதிரி கேக்குறியே! சபைத் தலைவர் நாற்காலியில ஒருத்தன் உக்காந்திருக்கானே, அவன்தான்."

"அவன் இனிமே அங்க உக்காரமாட்டான். பதவியை இந்த நிமிஷமே விட்டுட்டேன். இத்தனை பேர் சாட்சி."

முத்லக் காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

"என்ன கேக்க வந்தே?"

"கேக்கற உரிமையை நான் குடிச்சுட்டேன், ஹாஜி."

ஜிரியெஸ் தொண்டையைச் செருமினார். தனக்கு ஊற்றிய கிண்ணத்தைத் தரையில் வைத்து முன்னால் நகர்த்தினார். "நான் இன்னும் வாய் வைக்கலை, ஹாஜி. செருப்புக்கடைக்காரன் மூக்குக்குத் தோல் வாசனைதான் தெரியும். சாலையோர நிலம் வேணும். எங்களுக்கில்லை, தக்காளிக்கு."

முத்லக் ஃபவ்வாஸைப் பார்த்தார். பிறகு, "குடி, ஜிரியெஸ். ஆறிப்போகுது. நிலம் உங்களோடது," என்றார்.

திரும்பும் வழியில் ஜிரியெஸ் தலைதலையாய் அடித்துக்கொண்டார். "நாற்காலியைக் கொடுத்துட்டு வந்திருக்கியே, மடையா! நாலு நாள் கழிச்சுத் திரும்ப உக்காந்தா யார் கேக்கப்போறா?"

"நான் கேப்பேனே," என்றார் ஃபவ்வாஸ்.

காலியான நாற்காலிக்கு உடனே நடந்த தேர்தலில் முத்லக் தலைவரானார். குறை சொல்லக்கூடாது, கிடங்கு வேலையை வெயிலில் நின்று முடுக்கினார். அறுவடை தொடங்குவதற்குள் கதவு திறந்தது. வண்டிகள் வரிசை கட்டின. சபைக்காரர்கள் எல்லோரும் கடையடைத்துவிட்டு வந்து பெட்டி இறக்கினார்கள். ஃபவ்வாஸ் சட்டையெல்லாம் தக்காளிச்சாறு.

தலைநகரிலிருந்து வந்த அதிகாரி முத்லக்கை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டே வந்தார். "தலைவரே! அரசாங்கமே செய்யாத காரியம். உங்க கையைக் குலுக்கணும்."

முத்லக் கையை நீட்டவில்லை.

"நாற்காலிதான் எங்கிட்ட இருக்கு. தலைவர் அதோ, வண்டிக்கிட்ட பெட்டி தூக்குறாரே, அவர். அங்க போய்க் குலுக்குங்க."