கூடம் கோணல்

அப்பாவின் படத்தைத் திறப்பதற்குள் கணினி இரண்டாம் முறையும் பட்டென்று அணைந்தது.

வெளியே கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் வைக்க ஒரு படம் வேண்டும், அவருக்குப் பிடித்த படம் இந்தக் கணினியில் மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லி, அக்கா அவனை அறைக்குள் தள்ளிவிட்டுப் போயிருந்தாள். ஊரார் கணினியெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு ஒரு படம் எடுப்பது எந்த மூலைக்கு என்று வேறு சொன்னாள்.

அவன் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இங்கே உட்கார்ந்து இந்தப் பெட்டியை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. அப்பா கூப்பிடும்போதெல்லாம் வாசலில் வண்டியை நிறுத்தி, பெட்டியை மட்டும் கழற்றிக் கடைக்குத் தூக்கிப் போவான். கடையில் அது சமர்த்துப் பிள்ளை. இரண்டு நாள் விடாமல் ஓடவிட்டாலும் ஒரு தடவைகூட அணையாது. தூசி தட்டித் திருப்பிக் கொண்டுவந்து வைத்தால் மறுநாளே போன் வரும்.

அப்பா வீடுகளுக்கு பிளான் வரைகிறவர். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டிலிருந்தே வரைந்துகொண்டிருந்தார். பாதி வரையும்போது கணினி அணையும். போட்ட கோடெல்லாம் போய்விடும். சரியாக வேலை சூடு பிடிக்கிற நேரம் பார்த்துத்தான் அணைகிறது என்பார். நேரம் பார்க்க அது கையில் கடிகாரமா கட்டியிருக்கிறது என்று இவன் சிரிப்பான்.

ஒருநாள் மேஸ்திரி ஒரு பிளானை விரித்துக் காட்டினார். மாடி இருந்தது, ஏறிப்போகப் படி இல்லை. படியை வரைந்தது அப்பாவுக்கு நன்றாக நினைவிருந்தது. மேஸ்திரி சிரித்துவிட்டுப் போனார். அப்பா அன்று சாயங்காலமே மகனுக்குப் போன் செய்து மறுபடியும் பெட்டியைக் குறை சொன்னார். கடையில் கூட்டம் நெரிந்த நேரம் அது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பெட்டி நல்லாத்தான்ப்பா இருக்கு. உங்களுக்குத்தான் கையும் ஞாபகமும் முன்ன மாதிரி இல்ல. போதும், விட்டுடுங்க."

 நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லி அப்பா போனை வைத்துவிட்டார்.

அதோடு கணினியைத் தொடுவதை விட்டார். அது மட்டுமென்றால் போகட்டும். வாசல் கதவைப் பூட்டினேனா என்று அம்மாவிடம் கேட்க ஆரம்பித்தார். கையெழுத்துப் போடும் முன்பு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். மகன் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, தன்னிடம் நன்றாக இருந்ததையெல்லாம் சந்தேகப்பட்டார். அம்மாவும் அவரை அடுப்புப் பக்கம் விடுவதை நிறுத்திவிட்டாள். நேற்று ராத்திரி தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை.

செய்தி வந்ததும் கருவிப் பையைத் தோளில் மாட்டியபடியே அவன் ஓடிவந்திருந்தான். இப்போது பெட்டியைத் திறந்தான். மெமரியை உருவி, ரப்பரால் தேய்த்து மாட்டினான். விசிறி ஒழுங்காகச் சுற்றியது, சூடும் இல்லை. மறுபடி போட்டான். மறுபடி அணைந்தது. ஆனால் இந்த முறை தலைக்கு மேலிருந்த விளக்கும் ஒரு கணம் மங்கியதைப் பார்த்துவிட்டான். வீட்டின் பின்னால் தண்ணீர் மோட்டார் உறும ஆரம்பித்திருந்தது. வந்தவர்களுக்குத் தண்ணீர் போதாமல், அம்மா அதைப் போட்டுப் போட்டு நிறுத்திக்கொண்டிருந்தாள்.

மோட்டார் சுவிட்ச் அறைக்கு வெளியே, கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நிறுத்தினான். கணினியை ஓடவிட்டு மோட்டாரைப் போட்டான். அணைந்தது. திரும்பவும் செய்து பார்த்தான். திரும்பவும் அணைந்தது. பெட்டிக்குள் மின்சாரம் தரும் பவர் சப்ளையைக் கழற்றி, பையிலிருந்த வேறொன்றை மாட்டிவிட்டு மோட்டாரைப் போட்டான். விளக்கு மங்கியது, திரை அசையவில்லை.

பழைய பவர் சப்ளை வலுவிழந்து போயிருந்தது. மோட்டார் இழுக்கும் நேரத்தில் மின்சாரம் துளி குறைந்தாலும் அதற்குத் தாங்கவில்லை. கடையில் எல்லாம் மின்சாரத்தைச் சீராகத் தரும் யு.பி.எஸ்ஸில் ஓடுகிறது, அங்கே வண்டவாளம் எப்படி வெளியே வரும்? இங்கேயோ, காலையில் அம்மா சமையலை முடித்துவிட்டுத் தொட்டி நிரப்புவதும், அப்பாவுக்கு வேலை சூடு பிடிப்பதும் ஒரே நேரம். கூடம் கோணலாகத்தான் இருந்திருக்கிறது. ஒரே ஒரு காலை இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அப்பாவிடம் உடனே சொல்ல வேண்டும் என்று எழுந்தவன், நாலடி வைப்பதற்குள் நினைவு வந்து நின்றுவிட்டான்.

அம்மா அறை வாசலில் நின்றிருந்தாள். மோட்டாரை ஏன் போட்டுப் போட்டு நிறுத்துகிறாய் என்று கேட்டாள். தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்த்தேன் என்றான். அவள் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள்.

"என்னதான் கோளாறாம் அதுக்கு?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால், கையும் புத்தியும் தவறிய மனுஷனாகவே அப்பா போய்ச் சேருவார். முழுக்கச் சொன்னால் மோட்டாரைச் சொல்ல வேண்டும், அதைத் தினமும் போட்ட கை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பாதியை அவன் விழுங்கிக்கொண்டான்.

"பெட்டிலதான் கோளாறும்மா. ஆரம்பத்துலேர்ந்தே. நான்தான் சரியா பாக்கல."

அம்மா ஓரடி உள்ளே வந்தாள்.

"அப்ப அந்த மாடிப்படி?"

"வரைஞ்சுதான் இருப்பாரு. அது அணைஞ்சதுல போயிருக்கும்."

"சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு," என்றாள் அம்மா. "நான்தான், உங்க புள்ளைக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடப்போவுதுன்னு வாயடைச்சேன்."

 அவள் திரும்பிக் கூடத்துக்குப் போனாள். சுற்றியிருந்தவர்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து காதருகே குனிந்து பேசத் தொடங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து ஒரு அத்தை தாங்கிப் பிடிக்கப் போனாள். அவன் வேண்டாமென்று கையைக் காட்டினான்.

பாதியில் அம்மா நிமிர்ந்தாள். முழங்காலில் கையூன்றி எழுந்து, கால்மாட்டைச் சுற்றி நடந்து வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். அப்பாவுக்கு இடது காது சரியாகக் கேட்காது. மறுபடி குனிந்து முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.