ரூத்தின் கைராசி

அமெரிக்க ஊரான எடிசனில் அன்று பெய்த பனியில் தெருவே கரைந்துபோயிருந்தது. நாகரத்தினம் சோபா நிறையக் கண்டாங்கிப் புடவைகளை விரித்திருந்தாள். வீட்டிலேயே வியாபாரம், இன்றுதான் போணி. முதல் புடவை நல்ல கைராசிக்காரர் கைக்குப் போகவேண்டுமென்று பக்கத்து வீட்டு ரூத்தை அழைத்திருந்தாள். ஆறு வருஷமாக இந்த ஊரில் அவளுக்கென்று இருந்த ஒரே சிநேகிதி. காரோட்டக் கற்றுக் கொடுத்தவள்.

ரூத் மாம்பழ நிறத்தில் ஒன்றை எடுத்துக் கன்னத்தோடு வைத்துப் பார்த்தாள்.

"எதுக்கு என்னை முதல்ல கூப்பிட்டே?"

"யூதர் கை பட்டா பணம் பெருகுமாமே! எல்லாரும் சொல்றாங்க."

ரூத் புடவையை மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"என் தாத்தா போலந்துல பட்டன் தெச்சவர். அந்தக் காலத்து ராஜாக்கள் நிலம் வாங்கவும் தொழில் பண்ணவும் விடாம, எங்கள்ல சிலரை வட்டிக்கடையில உட்கார வெச்சாங்க. அப்புறம் எல்லாரையும் பணப்பேய்னாங்க. கைராசின்னு சொன்னவங்கதான் கடையைக் கொளுத்தவும் வந்தாங்க."

கதவு மெல்லத்தான் சாத்தப்பட்டது.

"நல்லதுதானே சொன்னே, ரத்தினம்? காம்ப்ளிமென்ட்!" என்றார் கணவர் நாகப்பன், மாடிப்படியில் நின்றபடி. "ஆபீஸ்ல எல்லாரும் சொல்றதுதான்."

"எல்லாரும்னா யாரு?"

நாகப்பன் மாடியேறிப் போனார்.

அவள் புடவைகளுக்கு நடுவிலேயே சாய்ந்தாள். ஜன்னலில் வெள்ளை இறங்கிக்கொண்டே இருந்தது. இமை மூடியதும், எந்தக் காலத்து அரசனோடோ ஒரு யூதர் பேசும் குரல்கள் கேட்டன.

"அரசே, நிலம் வாங்கலாமா?"

"கூடாது."

"தச்சு? நெசவு?"

"அந்தத் தொழில்காரங்க சங்கங்கள்ல உனக்கு இடமில்லை. வட்டிக்குக் கொடு. எங்க மதத்துல அது பாவம். வரியை மட்டும் என்கிட்ட கட்டிடு."

"ஜனங்க என்னைத் திட்டுவாங்களே?"

"திட்டட்டும். என்னைத் திட்டாம இருந்தா சரி."

பர்மாவில் லேவாதேவி செய்த அவளுடைய ஐயா, அப்பாவின் அப்பா, வேட்டி நுனியைப் பிடித்தபடி பனிக்குள்ளிருந்து வந்தார். "எனக்கும் இதே கதைதான்வே. கடன் வாங்கறப்ப மொதலாளின்னான். நெல்லு விலை விழுந்ததும் ரத்தம் உறிஞ்சற அட்டைன்னான். விலையை நானா விழவெச்சேன்?"

"உமக்காவது கடை இருந்தது," என்றார் பக்கத்தில் நின்ற இன்னொருவர். வாயில் நூல் கவ்வியிருந்தார், கையில் ஒரு பட்டன். "எனக்கு ஊசிதான். பேரு மட்டும் பணக்காரன்."

விழித்தபோது வெளிச்சம் நீலமாகியிருந்தது. நாகரத்தினம் பூட்ஸை மாட்டிக்கொண்டு முழங்கால் பனியில் நடந்துபோய் ரூத்தின் கதவைத் தட்டினாள். கதவு ஒரு சாண் திறந்தது.

"புடவை விக்க வரலை, ரூத். எங்க தாத்தா பர்மாவுல வட்டிக்குக் கொடுத்தவர். அவரை ரத்தம் குடிக்கிறவன்னு பேப்பர்ல கேலிப்படம் போட்டாங்க. அதைச் சொல்லிச் சொல்லி எங்க வீட்டுல அழுவாங்க. அந்த வீட்டுப் பொண்ணு நான், உன்கிட்ட அப்படிப் பேசிட்டேன்."

ரூத் கதவின் விளிம்பில் கையை ஊன்றினாள்.

"படத்துல அவருக்கு என்ன பெருசா போட்டாங்க?"

"தொப்பை."

"எங்களுக்கு மூக்கு." ரூத்துக்குச் சிரிப்பு வந்தது; ஆனால் கதவு அசையவில்லை. "இப்பவும் நம்பறியா, எங்க கையைப் பத்தி?"

இல்லை என்று சொல்லிவிடலாம். சுலபம். நாகரத்தினத்தின் புருவத்தில் பனி உருகி வழிந்தது.

"காலைல வரைக்கும் நம்பினேன். உள்ள எங்கேயோ இன்னும் கொஞ்சம் ஒட்டிட்டிருக்கும். சுரண்டணும்."

ரூத் நகர்ந்து வழிவிட்டாள்.

"பூட்ஸைக் கழட்டிட்டு வா. கோபம் இன்னும் போகலை. உள்ள உட்கார்ந்தே கோபப்படறேன்."