உட்கார வச்சுச் சோறு

எமர்ஜென்சி அமலில் இருந்த அந்தப் பங்குனியில் காசிலிங்கத்துக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. வயசு எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. மகன் தட்சணாமூர்த்தி மரக்காணத்திலிருந்து வாடகைக் கார் பிடித்துப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனான். ஆஸ்பத்திரியில் இன்டென்சிவ் வார்டில் சேர்த்து ஆக்சிஜன் வைத்தார்கள்.

டாக்டர் சுலோசனா மகனைக் கூப்பிட்டு, போன வாரம் வரை பெரியவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டார்.

பெரியவர் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். அதே உப்பளத்து ஆபீசில்தான் மகன் கிளார்க். வெள்ளைச் சட்டைக்காரனின் அப்பன் வெயிலில் காய்கிறான் என்று ஊர் பேசுவது அவனுக்கு முள்ளாய்க் குத்தும். டாக்டரும் அப்படி நினைத்துவிட்டால்?

"ஒரு வேலையும் செய்ய விடறதில்லீங்க. உட்கார வச்சுத்தான் சோறு. ஒண்ணுக்குப் போகக்கூட ரெண்டு பேரு தூக்குவோம்" என்றான்.

டாக்டர் முகம் வாடியது. "அப்படின்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. ஓடியாடி இருந்தவர்னா இந்த வயசுலயும் மீண்டுடுவார்னு சொல்லலாம். இவரால தாங்க முடியாது."

சொன்னதெல்லாம் பொய், அப்பா தினம் உப்பு வாருகிறவர் என்று தட்சணாமூர்த்தி பதறிச் சொன்னான். படுக்கை போய்விடுமே என்று கதை கட்டுகிறான் என எண்ணி, டாக்டர் பரிவோடு தலையாட்டினார்.

வராந்தாவில் நின்ற அவன் மனைவி தெய்வநாயகி உள்ளே வந்தாள். "இவர் பேச்சை விடுங்க டாக்டரம்மா. மாமா கையைத் தொட்டுப் பாருங்க."

டாக்டர் தொட்டார். உள்ளங்கை மரப்பட்டை மாதிரி காய்த்துக் கிடந்தது. பெரியவரை வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். ஓடியாடி இருந்தவர் மீண்டுவிடுவார் என்ற டாக்டரின் கணிப்பு தப்பவில்லை. சித்திரையில் காசிலிங்கம் தன் காலாலேயே நடந்து வெளியே வந்தார்.

அனுப்பும்போது, கொஞ்ச நாள் ஓய்வு கொடுங்கள் என்றார் டாக்டர். தட்சணாமூர்த்தி அந்தக் கொஞ்ச நாளை விட்டுவிட்டு ஓய்வை மட்டும் பிடித்துக்கொண்டான். புதிதாக ஒரு சாய்வு நாற்காலி வந்தது. பெரியவர் எழுந்தால் உட்கார்த்தினான். கொஞ்சம் நடக்க விடுங்க என்று தெய்வநாயகி சொன்னதற்கு, டாக்டரைவிட உனக்குத் தெரியுமா என்றான். ஆவணிக்குள் கால் சூம்பியது. ஐப்பசியில் இரண்டு பேர் தூக்கவேண்டி வந்தது. கார்த்திகை மழையில் மறுபடியும் மூச்சு இழுத்தது. கார் வருமுன் அடங்கிவிட்டது.

காரியத்துக்கு வந்தவர்கள், இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை இப்படித் தாங்குவான் என்றார்கள். தட்சணாமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன்னால் ஆனதைச் செய்ததாகச் சொன்னான்.