இரண்டு நிமிட இங்கிலீஷ்

சலவைக்கூடத்தில் அவளுக்கு ‘ட்ரெய்லர்’ என்று பட்டப்பெயர் வைத்தது வேறு யாருமில்லை, அங்கேயே வேலை பார்க்கும் சொந்த நாத்தனார்தான். வைத்ததில் குற்றம் சொல்லவும் முடியாது. பெரிய ஓட்டலின் அடித்தளத்தில், மேல்மாடி அறைகளின் படுக்கை விரிப்புகளை நாளெல்லாம் துவைத்துத் தேய்க்கிற இடம் அது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். மற்றவர்கள் அந்த நேரத்தில் ஊர்வம்பு பேசினார்கள். அவள் அழுக்கு மூட்டைமேல் சாய்ந்து போனில் இங்கிலீஷ் பட ட்ரெய்லர் பார்த்தாள். முழுப் படம் பார்க்க அவளுக்கு ஏது பொழுது? ட்ரெய்லர் என்றால் இரண்டே நிமிடம், வளவளப்பு கிடையாது, பேசுவது கீழே எழுத்திலும் ஓடும்.

இப்படிப் பத்து மாதத்தில் சேர்த்த இங்கிலீஷ் ஒரு தினுசாகத்தான் இருந்தது. சோப்புத்தூள் தீர்ந்தால் ‘வி ஹேவ் எ ப்ராப்ளம்’ என்பாள். வண்டி நிறைய விரிப்பைத் தள்ளிக்கொண்டு ‘வி ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் டைம்’ என்று வருவாள். ‘குட் மார்னிங்’ மட்டும் வாயில் வராது. ட்ரெய்லரில் யாரும் யாருக்கும் காலை வணக்கம் சொல்வதில்லையே.

இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. ட்ரெய்லரில் ஒரு வசனம் முடிந்ததும் திரை கறுத்து ‘டம்’ என்று ஒரு சத்தம் வரும். இங்கிலீஷ் பேசுவதென்றாலே அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டாள் மகராசி. ஒரு வாக்கியம் சொல்வாள், கண்ணிமைக்காமல் நிற்பாள், மனசுக்குள் டம் அடித்த பிறகுதான் அடுத்தது.

“அண்ணி, அந்த டம்மை விட்டுட்டுப் பேசக் கூடாதா? எதிர்ல நிக்கிறவங்களுக்கு வயித்தைக் கலக்குது” என்பாள் நாத்தனார்.

“டம் இல்லன்னா அது இங்கிலீஷ் மாதிரியே இல்லடி.”

அந்தச் சமயத்தில்தான் சூப்பர்வைசர் இடம் காலியானது. மேல்மாடிக்காரர்களோடு இங்கிலீஷில் பேச வேண்டிய வேலை. மேனேஜர் எல்லாருக்கும் இருபது வாக்கியம் அச்சடித்த அட்டை ஒன்று கொடுத்து, மனப்பாடம் பண்ணச் சொன்னார். அவள் எண்ணிப் பார்த்தாள். பதின்மூன்றில் ‘சாரி’ இருந்தது. சாரி சார், சாரி மேடம், தாமதத்துக்கு சாரி, கறைக்கு சாரி. அட்டையை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் செருகினாள். அந்த வேலையை அட்டை ஒழுங்காகவே செய்தது.

நேர்காணலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நாத்தனாரின் வலது கை சூடான தேய்ப்பு உருளைக்குள் போய்விட்டது. உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் தானாக நிற்கும். சும்மா சும்மா நிற்கிறது, வேலை ஓடவில்லை என்று அதைக் கழற்றச் சொன்னவர் மேனேஜர்தான். வாய் வார்த்தையாகச் சொன்னார், எழுத்தில் ஒன்றும் இல்லை.

மூன்று விரல் வெந்துபோனது. அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம் என்பார்களே, இவர்களும் விலக்கல்ல. ஆனால் அந்த வாரம் முழுக்க அவள்தான் நாத்தனாருக்குச் சோறு ஊட்டினாள், தலை பின்னிவிட்டாள். ஊட்டும்போதும் பின்னும்போதும் திட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளே பற்றி எரிந்த கோபத்தை வேறு எங்கே கொட்டுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

நேர்காணல் அன்று மேனேஜர் அறையில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஓர் அம்மாளும் இருந்தார். மேனேஜர் ஒரு தாளை நகர்த்தினார்.

“வாசிம்மா, இதுதான் டெஸ்ட்டு. வாசிச்சு முடிச்சதும் கீழ சாட்சின்னு இருக்கிற இடத்துல ஒரு கையெழுத்துப் போடு.”

விபத்து அறிக்கை. எழுத்துக் கூட்டி வாசித்தாள். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. காரணம் என்ற இடத்தில் இரண்டே வார்த்தை இருந்தது. ‘ஹியூமன் எரர்.’

அந்த இரண்டு வார்த்தையை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கப்பல் மூழ்குகிற ட்ரெய்லர் ஒன்றை நாற்பது தடவை பார்த்திருக்கிறாள். கோட்டுப் போட்ட அதிகாரிகள் ‘ஹியூமன் எரர்’ என்று சொல்லி, செத்துப்போன இன்ஜின்காரன் தலையில் பழியைக் கட்டுவார்கள். அவன் மகள் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

இதில் கையெழுத்துப் போட்டால் சூப்பர்வைசர் வேலை அவளுக்கு. நாத்தனாருக்கு நாளைக்கே வேலை போய்விடும், தன் கையைத் தானே சுட்டுக்கொண்டவள் என்ற பெயரோடு.

பேனாவைத் தாளின்மேல் வைத்தாள்.

“நோ.”

டம்.

மேனேஜர் சிரித்தார். “என்னம்மா நோ? வார்த்தை கஷ்டமா இருக்கா?”

“ஹூ கேவ் தி ஆர்டர்?”

உத்தரவு போட்டது யார் என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல் கண்ணிமைக்காமல் நின்றாள். மேனேஜர் தாளைப் பார்த்தார், தலைமை அலுவலக அம்மாளைப் பார்த்தார், நேராக இருந்த பேனா டப்பாவை இன்னும் நேராக்கினார். அவள் அசையவில்லை.

“எந்த ஆர்டர்? கம்பியைச் சொல்றியா? அது ஒரு வாரத்துக்குத்தான் கழட்டச் சொன்னேன். அன்னிக்கு லோடு அதிகம். நான் என்ன வேணும்னேவா சொன்னேன்?”

அவள் கம்பியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“கழட்டச் சொன்னது நீங்களா?”

மேனேஜர் அவசரமாகத் தாளுக்குக் கை நீட்டினார். அந்த அம்மாள் தாளைத் தன் பக்கம் இழுத்து, அந்த இரண்டு வார்த்தையையும் குறுக்கே அடித்தார். “இதைத் திரும்ப எழுதணும். அடிபட்ட பொண்ணை நான் நேர்ல பாத்துப் பேசறேன். அதுவரைக்கும் அவங்க வேலைல யாரும் கைவைக்கக் கூடாது.”

அவள் கதவை நோக்கி நடந்தாள்.

“நில்லும்மா” என்றார் மேனேஜர். முகம் சிவந்திருந்தது. “சூப்பர்வைசர்னா பணிவு வேணும். மேடம் முன்னாடி இப்படியா பேசறது? ஒரு சாரி சொல்லிட்டுப் போ. வேலையைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்.”

அவள் திரும்பி அவரை நேராகப் பார்த்தாள். டம் அடிக்கும் வரை பொறுத்தாள்.

“அது மட்டும் நான் படிக்கல சார். பத்து மாசமாப் பாக்கறேன், எந்த ட்ரெய்லர்லயும் வரல.”