ஏரியில் வெங்காயம்

ஏரியை மூடிய ஆகாயத்தாமரையை அகற்றாவிட்டால் மீனெல்லாம் மூச்சுமுட்டிச் செத்துவிடும். ஏரி மேற்பார்வையாளராக இருந்தவள், ‘ஆகாயத்தாமரை அகற்றப்படும்’ என்று கரையில் அறிவிப்புப் பலகை வைத்தாள். ஊதாப்பூ போகிறதே என்று ஊரே திரண்டு படகுகளை மறித்தது. வாளி வாளியாகச் செடிகளை வீட்டுக்கும் அள்ளிப்போனது. அவள் நாத்தனாரும் கூடத்துத் தொட்டியில் ஒன்று வளர்த்தாள்.

“அதைத் தூக்கிப் போடும்மா.”

“போங்க அண்ணி! பேரைக் கேட்டாலே மனசு பறக்குது. உங்களுக்கு ரசனையே கிடையாது.”

அந்தச் செடிக்கு இன்னொரு பெயரும் உண்டு. மறுநாள் பலகையில் அதை எழுதினாள்: வெங்காயத்தாமரை. படகுகள் இறங்கின, ஒருவரும் தடுக்கவில்லை.

மாலையில் நாத்தனார் தொட்டியைத் தூக்கிவந்து அவள் காலடியில் வைத்தாள்.

“முதல்லயே சொல்லித் தொலைக்கக்கூடாதா அண்ணி? கூடத்துல வெங்காயத்தை வச்சுக்கிட்டு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் பெருமை அடிச்சிருக்கேன்!”